செருகியதை மாற்றலாம், பற்றவைத்ததை விட்டுவிடுங்கள்

கேள்வி: நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. 2018-இல் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்டெல் ஐ5-8250யு பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இயக்கிவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை தயாராகியிருப்பதில்லை. பேட்டரி முக்கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறாள். ஒரு கடைக்காரர், "ஐ7 பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் போட்டுத் தருகிறேன், இருபத்திரண்டாயிரம் ஆகும்" என்கிறார். இன்னொருவர், "எட்டு வருடப் பழசு, தூக்கிப் போடுங்கள்" என்கிறார். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். அந்த இருபத்திரண்டாயிரத்துக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணினியின் பிராசஸர், எல்லாவற்றையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. 8250 என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்கும் 'யு' என்ற எழுத்தே அதைச் சொல்லிவிடுகிறது. அந்தச் சிப்பின் அடியில் 1356 பற்றாசுக் குண்டுகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் அவற்றை ஒரே சூட்டில் உருக்கிப் பலகையோடு ஒட்டியிருக்கிறார்கள். மேசைக் கணினியில் செய்வதுபோல் கொக்கியை விலக்கிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் ஏற்பாடே அதில் கிடையாது.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் மடிக்கணினியிலும் பிராசஸரை மாற்றியிருக்கிறோம். 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில் ஐ5-4200எம் போன்றவை சாக்கெட்டில் உட்காருபவை. ஒரு திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல் மடிக்கணினிப் பிராசஸர்களில் அந்த வழியை அடைத்துவிட்டது. அவர் அந்தப் பழைய நினைவில் பேசியிருக்கலாம். அல்லது, எனக்கு இதுதான் கூடுதலாகப் படுகிறது, உங்கள் மாடலிலேயே ஐ7-உம் தனி கிராபிக்ஸ் சிப்பும் கொண்ட வேறொரு பழைய மதர்போர்டை வாங்கி முழுதாக மாற்றிவிட நினைத்திருக்கலாம். "சிப்பை மாற்றுகிறீர்களா, போர்டையே மாற்றுகிறீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

போர்டை மாற்றுவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. அதே தலைமுறை ஐ7-8550யுவை உங்கள் ஐ5-க்கு அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் நான்கு, ஒரே நேரத்தில் கையாளும் வேலைகளான திரெட்கள் எட்டு, இரண்டும் 15 வாட். முக்கியமாக உச்ச வேகம்தான் வேறு, 3.4 கிகாஹெர்ட்சுக்குப் பதிலாக 4.0. மெல்லிய உடலுக்குள் சூடேறியதும் அந்த வித்தியாசத்திலும் பாதி கரைந்துவிடும். தனி கிராபிக்ஸ் சிப் இருக்கும் போர்டுக்கு வெப்பம் கடத்தும் செம்புக் குழாயும் வேறு, அதையும் தேடிப்பிடிக்க வேண்டும். உங்கள் விண்டோஸ் உரிமம் இப்போதைய மதர்போர்டோடு பிணைந்தது, போர்டு போனால் பெரும்பாலும் அதுவும் போகும். யாரோ கழற்றிப் போட்ட, யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்றே தெரியாத ஒரு பலகைக்காக இத்தனையையும் இழக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மடிக்கணினிக்குள் இருப்பவை இரண்டே வகை. ஸ்லாட்டிலோ கனெக்டரிலோ செருகியவை ஒன்று, போர்டில் பற்றவைத்தவை மற்றொன்று. செருகியதை மாற்றலாம். பற்றவைத்ததை மாற்றலாம் என்று யாராவது சொன்னால், அது பழுதுபார்க்கும் வேலைதான், மேம்படுத்தும் வேலை அல்ல. இதைத் தீர்மானிப்பது கம்பெனிப் பெயரோ, வாங்கிய ஆண்டோ, கொடுத்த விலையோ அல்ல. ஒரே மாடல் பெயரில் வந்த இரண்டு கணினிகளைத் திறந்தால், ஒன்றில் மெல்லிய சேமிப்பு அட்டையைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கும். மற்றொன்றில் அதே இடத்தில் ஸ்லாட் பற்றவைக்கப்படாமல் வெறும் செப்புத் தடங்கள் மட்டும் இருக்கும். விலையைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் இப்படிச் செய்வதுண்டு. ஆகவே "என் நண்பரின் கணினியில் போட்டார்கள், உங்களுடையதிலும் போடலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

தெரிந்துகொள்ள மூன்று படிகள் உண்டு. கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழு மாடல் எண் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைவிட, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள நீளமான எண்தான் முக்கியம். அதைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூவரும் இவற்றை இலவசமாகவே வெளியிடுகிறார்கள். எந்தத் திருகு எங்கே என்பதுவரை படத்தோடு இருக்கும். மகளையே படிக்கச் சொல்லுங்கள், அவளுடைய பாடத்தில் இதைவிட நல்ல முதல் பயிற்சி கிடைக்காது. இரண்டாவது, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'சோடிம்' என்று இருந்தால் ரேம் செருகியது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது, நாங்கள் ஆன்போர்டு ரேம் என்கிறோம்.

மூன்றாவது படி, பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பது. முதல் இரண்டும் பொய்த்தாலும் இது பொய்க்காது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். டாஸ்க் மேனேஜர் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி என்றது. அதை நம்பி அவரை 8 ஜிபி ரேம் வாங்கிவரச் சொன்னேன். திறந்தால், இருந்த ரேம் பற்றவைத்தது, இரண்டாவது ஸ்லாட் இருக்க வேண்டிய இடம் வெற்றுப் பலகை. அந்த மாணவர் மாலை நேரங்களில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. வாங்கிய கடை திரும்ப எடுக்கவில்லை. அந்த ரேமை நான் விலைக்கு எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மூடியைத் திறக்காமல் யாரையும் எதையும் வாங்கச் சொல்வதில்லை. நீங்களும் எந்தக் கடைக்குப் போனாலும், "முதலில் என் எதிரில் திறந்து காட்டுங்கள், பிறகு விலை பேசலாம்" என்று சொல்லுங்கள். கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் இதே விதிதான்.

உங்கள் காபிப் பிரச்சினைக்குக் காரணம் பிராசஸரே அல்ல, ஹார்ட் டிஸ்க். இதை நான் பார்க்காமலேயே உறுதியாகச் சொல்வேன். அந்த 1 டிபி டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல்கின்றன, ஒரு சிறிய கை முன்னும் பின்னும் ஓடித் தகவலைப் பொறுக்குகிறது. ஒரே பெரிய வீடியோவைப் படிக்கச் சொன்னால் ஓரளவு வேகமாகவே படிக்கும். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறுசிறு கோப்புகளை. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை இடம் மாற வேண்டும், நொடிக்கு நூறு முறை அசைவதற்குள் அது திணறிவிடும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்களாலான எஸ்எஸ்டியில் அசையும் உறுப்பே கிடையாது. நொடிக்குப் பல ஆயிரம் சிறு கோப்புகளை எடுத்துக் கொடுக்கும். நான் இத்தனை ஆண்டுகளில் செய்த வேலைகளிலேயே மக்கள் முகத்தில் உடனே மகிழ்ச்சியைப் பார்ப்பது இந்த ஒன்றில்தான். ஒரு நிமிடத்துக்குள் கணினி எழுந்து நிற்கும்.

உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் இருப்பதால் சாட்டா என்ற இணைப்பு வகைக்கான 2.5 அங்குல இடம் நிச்சயம் உண்டு. அதே இடத்தில் சாட்டா எஸ்எஸ்டியை வைக்கலாம். வேகம் நொடிக்கு 550 எம்பி வரை. எம்.2 ஸ்லாட்டும் இருந்தால் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி போடலாம், அது 3,500 எம்பியைத் தொடும். ஆறு மடங்கு என்று எண்ணை மட்டும் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நிரல் எழுதுவதிலும் உலாவியிலும் பாடம் பார்ப்பதிலும் இரண்டுக்கும் இடையே உங்கள் மகள் பெரிய வேறுபாட்டை உணரமாட்டாள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வருவதுதான் பெரிய தாவல். எம்.2 வாங்குவதாக இருந்தால் ஒரு கவனம். ஒரே வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை இருக்கின்றன. சில ஸ்லாட்கள் ஒன்றை மட்டுமே ஏற்கும், மேனுவலில் பார்த்துவிடுங்கள். நீளமும் 80, 42, 30 மில்லிமீட்டர் என்று வேறுபடும். அதை இறுக்கும் பொடித் திருகு பல கணினிகளில் இருக்காது. கடைக்காரர் டேப் ஒட்டிவிடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூட்டில் பசை இளகும், அட்டை நிமிரும், ஒரு நாள் தேர்வுக்கு முந்தின இரவில் கணினி எழாது. கொள்ளளவு 512 ஜிபி போதும்.

அடுத்தது ரேம். 4 ஜிபியில் விண்டோஸ் எழுந்து உட்காரும்போதே பாதிக்கு மேல் நிரம்பிவிடும். மிச்சத்தில் உலாவியும் நிரல் எடிட்டரும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். உங்கள் பிராசஸர் டிடிஆர்4 என்ற தலைமுறை ரேமை 2400 வேகத்தில் ஏற்கும், மொத்தம் 32 ஜிபி வரை தாங்கும். 3200 என்று எழுதிய ரேமைப் போட்டால் பொதுவாக 2400-இல் ஓடும், கெடுதல் இல்லை. தொடுமுனைகளை 'பின்' என்பார்கள்: டிடிஆர்3எல் 204 பின், டிடிஆர்4 260 பின், டிடிஆர்5 262 பின். நடுவிலிருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். தவறானது உட்காராது, அழுத்தித் திணிக்காதீர்கள்.

எவ்வளவு போடுவது? 4 ஜிபி பற்றவைத்து ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் 8 ஜிபி போட்டு 12 ஆக்குங்கள். இரண்டு ஸ்லாட் இருந்தாலும் இருக்கும் நாலோடு எட்டைச் சேர்ப்பதே இப்போதைக்குச் சிக்கனம். அளவு சமமாக இல்லையே என்று கவலைப்படுவார்கள். இன்டெல் கணினிகளில் முதல் நாலும் எட்டில் ஒரு நாலும் ஜோடியாக ஓடும், மீதி நாலு மட்டும் தனியாக ஓடும். உங்கள் கணினியின் கிராபிக்ஸும் இந்த ரேமிலிருந்தே இடம் எடுப்பதால் ஜோடி அமைவது அதற்கும் நல்லது. 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் நான்கு இடத்தில் விலை கேளுங்கள், பழைய ரேம் கிடைத்தாலும் வாங்கலாம். ரேமில் தேய்மானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டுப் பிழை வரவில்லை என்றால் கவலையில்லாமல் பயன்படுத்தலாம். பழைய எஸ்எஸ்டியை வாங்க நான் தயங்குவேன். பழைய பேட்டரியை ஒருபோதும் வாங்கமாட்டேன்.

இவ்வளவு உறுதியாக இந்தக் கணினியை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள், ஒன்றிரண்டு விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. உங்களுடையது எட்டாம் தலைமுறை, அந்த வாசற்படிக்கு உள்ளே நிற்கிறது. ஓர் ஆண்டு முந்தைய ஏழாம் தலைமுறை ஐ5-7200யு என்றால் நான் இதே பதிலை எழுதியிருக்கமாட்டேன். அதில் கோர்களும் இரண்டுதான், விண்டோஸ் 11-உம் முறைப்படி ஏறாது. அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள், 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பழையவற்றை வைத்திருப்பவர்கள், ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் நிறுவிக்கொள்வது நல்லது. அதற்கு மேல் அதில் பணம் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

எஸ்எஸ்டியை வாங்குவதற்கு முன்பே ஒன்றைச் சோதித்துவிடுங்கள். திரையைத் திறந்து மூடும்போது கீல் பக்கத்தில் சத்தம் வருகிறதா? மூலையில் பிளாஸ்டிக் வாய் பிளக்கிறதா? எட்டு ஆண்டுக் கணினிகள் என் மேசைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகத்தான். கீலைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகுமரைகள் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்துவிடுகின்றன. அதைப் பார்க்காமல் உள்ளே வேகம் கூட்டினால், ஆறே மாதத்தில் திரைக் கேபிள் அறுந்து எல்லாம் வீணாகும். கீல் விறைத்திருந்தால் தளர்த்தி, உடைந்த மேல்மூடியை மாற்றிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். கீலும் போய், ரேமும் முழுக்கப் பற்றவைத்ததாக, ஸ்லாட்டே இல்லாமல் இருந்தால் மட்டும், "தூக்கிப் போடுங்கள்" என்றவர் சொன்னது சரி.

பேட்டரி மாற்றக்கூடியதுதான், உள்ளே இருந்தாலும் கனெக்டரில் செருகியதுதான். விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்துத் தரச் சொல்லுங்கள், கடையில் ஒரு நிமிட வேலை. தொழிற்சாலையில் இருந்த கொள்ளளவும் இன்று நிரம்பும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றலாம். வகுப்பறையில் எல்லா இருக்கைக்கும் மின்இணைப்பு இருக்காது என்பதால் உங்கள் மகளுக்கு இது ஆடம்பரம் இல்லை. ஆனால் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, மேசையில் வைத்தால் கணினி ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அன்றே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தியோ அழுத்தியோ பார்க்காதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2018-இல் வந்த மலிவான மாடல்கள் பலவற்றில் 1366க்கு 768 புள்ளித் திரைதான். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். நாளெல்லாம் நிரல் வாசிக்கும் கண்ணுக்கு அது பாரம். அதே 30 பின் கேபிளிலேயே 1920க்கு 1080 புள்ளி ஐபிஎஸ் திரை (பக்கவாட்டிலும் நிறம் வெளுக்காத வகை) பல மாடல்களில் பொருந்துகிறது. பழைய திரையின் பின்னால் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போனால்தான் சரியானது கிடைக்கும். பணம் மிஞ்சினால், அடுத்த ஆண்டு பாருங்கள். வைஃபை அட்டையும் மாற்றத்தக்கதே. இன்டெல் ஏஎக்ஸ்210 எம்.2 வைஃபை ஸ்லாட்டில் வேலை செய்யும். பெயரில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் இடம் மாறிய ஏஎக்ஸ்201 உங்கள் கணினியில் வேலை செய்யாது. இணையம் ஒழுங்காக வருகிறது என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு? அதுவும் பற்றவைத்த வகைதான். கணினி அறிவியல் முதலாண்டுக்கு அது தேவையும் இல்லை. மகள் முப்பரிமாண வடிவமைப்பு படிப்பதாக எழுதியிருந்தால் என் பதில் மாறியிருக்கும், அப்போது புதிய கணினியே வழி.

வேலையைத் தொடங்கும் நாளில், டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க வேண்டாம், எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். மதர்போர்டு மாறாததால் உரிமம் தானாகவே செயல்படும், தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய டிஸ்க் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்து, இருந்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் கடைக்காரர் முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டரை. அதைக் கழற்றாமல் ரேமில் கை வைப்பவரிடம் கணினியை விடாதீர்கள். கூடவே விசிறித் தூசியைத் தட்டி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். எட்டு ஆண்டில் அது காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் குடும்பப் படங்களும் மகளின் சான்றிதழ்களும் இருக்கும், அழித்தாலும் மீட்டெடுக்க முடியும். ஒரு யுஎஸ்பி உறை வாங்கி அதற்குள் போட்டுக்கொள்ளுங்கள், கோப்புகளை வைத்துக்கொள்ள 1 டிபி இடம் வீட்டிலேயே இருக்கும். பின்மூடியைத் திறந்ததும் ரேம் பகுதியையும் எம்.2 பகுதியையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். எதை வாங்குவது என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.